எட்டு மணி அறிவிப்பும் எங்கள் தெருத் தறிகளும்

காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு அவஸ்தை உண்டு. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், யார் வீட்டில் கல்யாணம் நிச்சயமானாலும் போன் நமக்குத்தான் வரும். "சார், முகூர்த்தப் புடவை எடுக்க ஞாயித்துக்கிழமை வர்றோம். கடையெல்லாம் வேணாம், நேரா தறிக்காரங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க. பாதி விலையில முடிச்சிடலாம்ல?"

பாதி விலையா? எதில் பாதி? பட்டுநூல் பெங்களூரிலிருந்து வருகிறது. அதை யாரும் பாதிக்குத் தருவதில்லை. அசல் ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. வெள்ளி என்ன விலை விற்கிறது என்று காலையில் டிவியைப் போட்டாலே சொல்கிறார்கள். சாயம் போடுகிறவருக்குக் காசு, முறுக்குக்குக் காசு. இதெல்லாம் போகக் குறைப்பதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? நெய்தவர் கூலிதான். மண்டபத்துக்கும் கேட்டரிங்குக்கும் ட்ரோன் விட்டு வீடியோ எடுக்கிறவருக்கும் கேட்ட பணத்தை எண்ணி வைத்துவிட்டு வருகிறார்கள். வந்து, தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் ஆயிரம் ரூபாய் குறையுங்கள் என்கிறார்கள். வயிறு எரிகிறது எனக்கு.

அவர்களை மட்டும் சொல்லியும் பிரயோஜனமில்லை. வெளியூர்க்காரர்கள் கண்ணில் படுவது காந்தி ரோடு. ஏசி ஷோரூம், கண்ணாடிக் கதவு, காமாட்சியம்மனைப் பார்த்துவிட்டு அப்படியே கடை கடையாக ஏறி இறங்கும் கூட்டம். "உங்க ஊருக்கென்ன சார், பணம் புழங்குற ஊரு!" வண்டியைக் கொஞ்சம் உள்ளே விடுங்களேன். பிள்ளையார்பாளையம் போங்கள். ஓரிக்கை, செவிலிமேடு, முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை போங்கள். ஒரு காலத்தில் இந்தத் தெருக்களில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம் காதை அடைக்கும். இப்போது காது கொடுத்துக் கேட்டால்தான் எங்கேயோ ஒன்று கேட்கிறது.

என்ன ஆச்சு என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலை ரெடியாக வைத்திருக்கிறார்கள். விசைத்தறி வந்துவிட்டது, பசங்க படித்துவிட்டார்கள், காலம் மாறிவிட்டது. சரி, அதில் உண்மை இருக்கிறது. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தொழில் வருஷக்கணக்கில் மெல்லத் தேய்வது வேறு. நன்றாக நின்றுகொண்டிருந்ததை ஒரு ராத்திரியில் பின்னாலிருந்து தள்ளிவிடுவது வேறு. இரண்டையும் சேர்த்து "காலம்" தலையில் கட்டிவிட்டால் தள்ளியவர் யார் என்று கேட்க வேண்டியதே இல்லையே!

இந்தத் தொழிலில் பணம் எப்படி ஓடுகிறது என்று டெல்லியில் யாருக்காவது தெரியுமா? முதலாளி நூலும் ஜரிகையும் கொடுப்பார். பாவு ஓட்டுகிறவர் ஒருத்தர். அதைத் தறியில் பிணைத்துக் கொடுக்கிறவர் இன்னொருத்தர். டிசைனுக்கு அட்டை அடிக்கிறவர், வீட்டுத் திண்ணையில் தார் சுற்றும் பாட்டி, இத்தனை பேர் கை பட்டுத்தான் தறி ஓடும். ஒரு பாவில் மூன்று நாலு சேலை. சேலையை அறுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் கூலி. அந்தக் கூலியில் மளிகைக்கடை பாக்கி, பால் பாக்கி, சீட்டுப் பணம். அத்தனையும் ரொக்கம். பாட்டிக்குச் செக்கா எழுதிக் கொடுப்பார்கள்? ரொக்கம் என்பதால் அது கறுப்பா? வேர்வை சிந்திச் சம்பாதித்த கூலி அய்யா அது.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை, ராத்திரி எட்டு மணி. பிரதமர் டிவியில் வந்தார். அன்றைக்கு நடுராத்திரியோடு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது. நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டும்தான். எங்களுக்கு ஐப்பசி முடிகிற நேரம். கார்த்திகை முகூர்த்தம், தை முகூர்த்தம் என்று வருஷத்தின் நல்ல வியாபாரம் முழுக்க முன்னால் நிற்கிறது. அதுவும் எப்படிப்பட்ட வருஷம்? அதற்கு முந்தைய டிசம்பரில்தான் மழை வெள்ளத்தில் மாவட்டமே மிதந்து, தறிக்குழியெல்லாம் தண்ணீர் நின்று, அப்போதுதான் மூச்சு விட்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து முதலாளிகள் பலர் கூலியைப் பழைய ஐந்நூறாகவே நீட்டினார்கள். "இதுதான் இருக்கு, வேணும்னா வாங்கிக்க." வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாங்கிக்கொண்டு பேங்க் வாசலில் நின்றார்கள். ஒருத்தருக்கு 4,000 மாற்றலாம் என்றார்கள், 4,500 என்றார்கள், பிறகு 2,000 என்றார்கள். குற்றவாளி மாதிரி விரலில் மை வைத்தார்கள். நவம்பர் 24-ஆம் தேதியோடு கவுண்டரில் மாற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். ஏடிஎம்மில் அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு புது 2,000 ரூபாய் நோட்டு வரும். அதைக் கொண்டுபோய் எந்த டீக்கடையில் மாற்றுவது? எந்தக் காய்கறிக்காரம்மாவிடம் சில்லறை இருந்தது?

என் சித்தப்பா தறிக்காரர். கோர்வை நெய்கிறவர். கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக, மூன்று நாடா போட்டு இரண்டையும் இழைக்கு இழை கோர்த்து நெய்வது. ஒற்றை ஆளால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்து நாடாவை வீச இன்னொரு கை வேண்டும். எங்கள் வீட்டில் அது சித்தியின் கை. (கூலி சேலைக்குத்தான். அந்த இன்னொரு கைக்குத் தனியாக யாரும் எதுவும் தருவதில்லை. அது வேறு ஆதங்கம், இன்னொரு நாள் பேசலாம்.) சித்தப்பா பேங்க் க்யூவில் நின்றால் தறியும் நிற்கும். காலையில் போய் நின்று, கவுண்டர் கிட்டே போகும்போது "கேஷ் தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அந்தக் குரலில் ஒரு வருத்தம்கூட இல்லை. வீட்டுக்கு வந்தால் பாதி நெய்த சேலை அப்படியே கிடக்கும். சாப்பாட்டுக்குக் கைமாற்று கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? தெருவே அதே க்யூவில்தானே நின்றது!

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு மட்டும் 2.5 லட்சம் எடுக்கலாம் என்று சலுகை அறிவித்தார்கள். அதற்குப் பத்திரிகை காட்ட வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு தரப்போகிறீர்கள் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். வாங்குகிறவருக்கு பேங்க் கணக்கு இல்லை என்று அவரிடமே எழுதி வாங்கி வர வேண்டும். பெண்ணைப் பெற்றவர் இதற்கு அலைவாரா, சமையல்காரரைப் பார்ப்பாரா? கையில் பணம் முடையானால் கல்யாண வீட்டில் எதை வெட்டுவார்கள்? பந்தியை வெட்ட முடியாது, தாலியை வெட்ட முடியாது. நாலு பட்டு எடுக்க வேண்டியவர்கள் ஒன்று எடுத்தார்கள். சீக்கிரமே அது தறிக்கு வந்து சேர்ந்தது. "அடுத்த பாவு இப்ப வேணாம்பா, சரக்கு தேங்கிக் கிடக்கு." டிசம்பர் 5-ஆம் தேதி ஜெயலலிதா மறைவு, 12-ஆம் தேதி வர்தா புயல். அந்த மாதத்தை நினைத்தாலே இப்போதும் எனக்குப் படபடப்பு வருகிறது.

ஐம்பது நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார் பிரதமர். பொறுத்தோம். 2018 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆண்டறிக்கை வந்தது. செல்லாது என்று அறிவித்த 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி திரும்ப வந்துவிட்டதாம். 99.3 சதவீதம்! அப்படியானால் எதைப் பிடிக்க எங்கள் தறிகளை நிறுத்தினீர்கள்? அந்த 2,000 ரூபாய் நோட்டையும் 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள்.

எழுந்து நிற்பதற்குள் 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி. நூலுக்கு வரி, ஜரிகைக்கு வரி, முடிந்த சேலைக்கு 5 சதவீதம். பெரிய ஷோரூம்களுக்கு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆடிட்டர் இருக்கிறார். பத்துப் பதினைந்து தறி வைத்து நடத்திய சின்ன முதலாளிக்கு? நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதியே வாழ்ந்த மனுஷர். வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், லேட்டானால் அபராதம். அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியும். கணக்குக்குப் பயந்தே தொழிலை மூடிவிட்டு மகன் வீட்டுக்கு சென்னைக்குப் போய்விட்டார். அவரிடம் பாவு வாங்கி ஓடிய தறிகள் எல்லாம் என்ன ஆயின? நடுவில் 2022 ஜனவரியிலிருந்து ஜவுளிக்கு வரியை 12 சதவீதம் ஆக்கப் போவதாக ஒரு குண்டு வேறு. 2021 டிசம்பர் 31-ஆம் தேதி, கடைசி நாளில் உட்கார்ந்து அதைத் தள்ளிவைத்தார்கள். அந்தக் கடைசி நாள் வரைக்கும் விலை போடத் தெரியாமல் இங்கே தவித்தவர்களைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

கோயில் குளத்திலிருந்து அத்திவரதர் வந்தாரே, ஒரு கோடிப் பேர் வந்தார்களே, ஊர் கொழித்திருக்குமே என்பார்கள். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். வந்த ஜனம் பெருமாளைப் பார்க்க மணிக்கணக்கில் வரிசையில் நின்று, பார்த்த கையோடு பஸ் பிடித்துப் போனது. பாவம், அவர்களுக்குத் தண்ணீர் கிடைத்ததே பெரிது. ஊர்த் தெருக்களில் தடுப்புக் கட்டை. பாவை எடுத்துக்கொண்டு ஒரு தெரு தாண்டிப் போக வழியில்லை. பக்தியைக் குறை சொல்லவில்லை. ஒரு கோடிப் பேர் நடந்துபோன ஊரில் நெசவாளர் கை நிறைந்துவிட்டது என்று மேடையில் பேசாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் கோவிட். 2020 மார்ச் 25-லிருந்து ஊரடங்கு. பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தம் மொத்தமும் போச்சு. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள். 50 பேர் பார்க்கிற கல்யாணத்துக்கு யார் கனமான ஜரிகைப் பட்டு எடுப்பார்கள்? அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இந்தியாவின் ஜிடிபி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சுருங்கியது என்று அரசே ஆகஸ்டில் சொன்னது. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. எங்கள் தெருவில் நாலில் ஒரு பங்கா போனது? கைவண்டியில் காய்கறி விற்கப் போனவர்கள் தறிக்காரர்கள். ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தவர்கள் தறிக்காரர்கள். இதே ஆட்கள்தான் நாலு வருஷம் முன்னால் அதே ஏடிஎம் வாசலில் க்யூவில் நின்றார்கள்.

இதில் என்னை உண்மையிலேயே குத்தியது எது தெரியுமா? ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2015-இல் சென்னைக்கு வந்து பிரதமரே தொடங்கிவைத்தது. 2020-இல் அந்த நாளுக்குப் பதினொரு நாள் முன்னால், ஜூலை 27-ஆம் தேதி, அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்து உத்தரவு போட்டார்கள். வாரியம் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை என்பீர்கள். இருக்கட்டும். நெசவாளர் சார்பில் போய் உட்கார ஒரு நாற்காலியாவது அங்கே இருந்தது. தறி நின்று, வருமானம் நின்று, ஊரே முகக்கவசத்துக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மாதத்திலா அந்த நாற்காலியை எடுப்பது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

அந்தக் கேட்காத குணம்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்று நினைக்கிறேன். இலங்கையைப் பாருங்கள். 2019 கடைசியில் கோத்தபய ராஜபக்ச ஆட்சிக்கு வந்ததும் வாட் வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள். கஜானா காய்ந்தது. 2021-இல் ரசாயன உரத்துக்கு ஒரே அடியாகத் தடை. எந்த விவசாயியைக் கேட்டார்கள்? நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை விழுந்தது, அதே வருஷம் நவம்பரில் தடையை எடுத்தார்கள், காலம் கடந்துபோயிருந்தது. ஏற்கெனவே தலைக்கு மேல் வெளிநாட்டுக் கடன். ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கோவிட்டும் சுற்றுலாவைத் தின்றுவிட்டன. 2022 ஏப்ரல் 12-ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தார்கள். 13 மணி நேரம் மின்வெட்டு. காகிதம் இல்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சை தள்ளிப்போனது. பெட்ரோலுக்கு நின்ற வரிசையில் வயசானவர்கள் விழுந்து செத்தார்கள். அந்த மார்ச்சிலேயே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கினார்கள், நினைவிருக்கிறதா? தமிழ்நாடு 40,000 டன் அரிசி தருவதாக அறிவித்து, மே மாதம் முதல் கப்பலை அனுப்பியது. கல்யாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து காஞ்சிபுரம் வரும் குடும்பங்கள் உண்டு. பால் பவுடருக்கு அல்லாடிய வருஷத்தில் கூறைச்சேலையை யார் நினைப்பார்கள்?

இந்தியா இலங்கை மாதிரி திவாலாகவில்லை. உண்மைதான், அதில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் நாடு நின்றுவிட்டது என்பதற்காக, விழுந்த தெருவை யாரும் பார்க்கக் கூடாதா? அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது, ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனம் புகுந்தது, கோத்தபய நாட்டைவிட்டே ஓடினார். இங்கே தவணை தவணையாக, வீடு வீடாக விழுந்தோம். கேட்டால் "வியாபாரம் டல்" என்கிறார்கள்.

2023-இல் இரண்டு தீர்ப்புகள் வந்தன. கொழும்பு உச்ச நீதிமன்றம் நவம்பர் 14-ஆம் தேதி சொன்னது: கோத்தபய, மஹிந்த, பசில் ராஜபக்சக்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்டவர்களும் பொதுமக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள், பொருளாதார வீழ்ச்சிக்கு அவர்களே பொறுப்பு. நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. ஆனாலும் பெயர் சொன்னார்கள். அதே வருஷம் ஜனவரி 2-ஆம் தேதி நம் உச்ச நீதிமன்றத்தில் பணமதிப்பு நீக்க வழக்கு. அதுவும் நாலுக்கு ஒன்று. முடிவெடுத்த முறையில் தவறில்லை, நோக்கம் நிறைவேறியதா இல்லையா என்பது பொருட்டே இல்லை என்றது பெரும்பான்மை. நீதிபதி பி.வி. நாகரத்னா ஒருத்தர்தான் அது சட்டப்படி செல்லாது, நாடாளுமன்றத்தின் வழியாக வந்திருக்க வேண்டும் என்று மாறுபட்டு எழுதினார். பொருட்டே இல்லையா? க்யூவில் நின்ற என் சித்தப்பாவுக்கு அது ஒன்றுதான் பொருட்டு. எதற்காக நின்றோம் என்று அவர் இன்னமும் கேட்கிறார்.

இத்தனைக்கும் பிறகு ஊரில் என்ன மிஞ்சியிருக்கிறது? சேலை, வேட்டி போன்றவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-லேயே சட்டம் போட்டார்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-இலிருந்து புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டி, பாலியஸ்டர் ஜரிகை போட்டதை "காஞ்சிபுரம் பட்டு" என்று காஞ்சிபுரத்திலேயே விற்கிறார்கள். வாங்குகிறவர் சில்க் மார்க் லேபிளைப் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறார். அது பட்டா இல்லையா என்பதற்கு மட்டும்தான் அத்தாட்சி. கையால் நெய்ததா, ஜரிகை அசலா என்பதை அது சொல்லாது. இதைக் கடையில் எடுத்துச் சொல்கிறார்களா? நான் சொன்னால், "என்ன சார், வர்ற பார்ட்டியைக் கெடுக்கறீங்க" என்கிறார்கள்.

இளசுகள் விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். போகட்டும், மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் இருக்கிறது, வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? அந்த வேலையும் நிரந்தரமில்லை. நோக்கியா தொழிற்சாலை 2014-இல் மூடியதைப் பார்த்த பகுதி இது. வீடுகளில் தறிக்குழியை மண் போட்டு மூடி டைல்ஸ் ஒட்டி, அந்த அறையை வடநாட்டுப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தறிக்கட்டை விறகு விலைக்குப் போனது.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35.22 லட்சம் பேர். பத்து வருஷம் முன்னால் 43.31 லட்சம். மூன்றில் இரண்டு குடும்பத்துக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்கூட இல்லை. ஊரடங்கு காலம் அந்தக் கணக்கில் வரவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் பட்டுநூல் விலை தாறுமாறாக ஏறி, முதலாளிகள் பாவு தருவதைக் குறைத்தார்களே, அதுவும் வரவில்லை. 2016 நவம்பரில் காஞ்சிபுரத்தில் ஓடிய தறி எத்தனை, இப்போது எத்தனை? யாராவது வந்து கேட்டார்களா? நெசவாளர் சங்கத்துப் பதிவேட்டைப் புரட்டி எண்ணாதீர்கள், அதில் பெயர் இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் தறி கிடையாது. தெருவுக்கு வாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் தறியை இறக்கியது எந்த மாதம், எந்த வருஷம் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். எழுதி முடித்ததும் அந்தத் தேதிகளை உங்கள் அறிவிப்புத் தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெரு காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். பிள்ளையார்பாளையத்தில் சித்தப்பா வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.